வாய்க்கால் கப்பி

விசுவமடுவில், பின்வளவில்
ஆறு சீமெந்துத் தொட்டி.
நாலு, திட்டத்தில் தந்தது.
இரண்டு, சங்கக் கடன்.
நாலாவதில் ஒரு வெடிப்பு,
எதைப் பூசினாலும் கசியும்.
அதன் காலடியில் மட்டும்
ஆவணி வெயிலிலும் பொன்னாங்காணி பச்சை.

கிணறு முழுக்கச் சுண்ணாம்பு.
கேத்திலின் உள்ளே வெள்ளைப் பொருக்கு ஏறும் ஊர் இது.
ஏஞ்சல் இங்கே முட்டையிடும்,
முட்டை பஞ்சாய்ப் பூத்துப் போகும்.
கப்பிக்கோ இந்தத் தண்ணீரே தேன்.
இதை அறிய எனக்கு இரண்டு வருடம்,
பன்னிரண்டாயிரம் ரூபாய்.
பயிற்சிக்கு வந்த அதிகாரி சொல்லவில்லை.
அவர் குடித்தது போத்தல் தண்ணீர்.

கப்பி குட்டி போடும்.
பெட்டையின் வயிறு சதுரமாகி
வாலடியில் கறுப்புப் பொட்டு விரிந்தால்
அன்றைக்கே நுளம்புவலைக் கூட்டுக்குள் மாற்ற வேண்டும்.
இல்லையென்றால் பெற்றதைத் தானே தின்னும்.
முதல்முறை கண்டபோது வாளியை உதைத்தேன்.
இப்போது நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறேன்.
அதற்கு வேறு மருந்தில்லை.

செவ்வாய்க்கிழமை வவுனியாவிலிருந்து ரிஸ்வான் நானா.
டோர்ச் அடித்து வால் பார்ப்பார்.
சிவப்பு வால் நாற்பது,
பாம்புத்தோல் அறுபது,
வால் கிழிந்தது பத்து,
முதுகு வளைந்தது வேண்டாம்.
பெட்டை கணக்கிலேயே இல்லை,
பைக்குள் சும்மா போகும்.
"வடிவாத்தான் வளக்கிறீங்க தங்கச்சி.
ஆனா எல்லாம் ஒரே சாயல்.
ரத்தம் மாத்துங்க."

மார்கழியில் நெத்தலியாறு பெருகிய இரவு
தொட்டியும் முற்றமும் ஒரே மட்டம்.
முழங்கால் தண்ணீரில் நின்றேன்.
டோர்ச் வெளிச்சத்தில்
என் சிவப்பு வால்கள்
முட்கம்பி இடுக்கால் ஒவ்வொன்றாய்
வயலுக்குப் போயின.
ஒன்றும் அவசரப்படவில்லை.
கையை வைத்தேன்.
தீன் என்று நினைத்து
விரலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.

இழப்புப் படிவத்தில்
மாடு, ஆடு, கோழி. மீனுக்குக் கட்டமில்லை.
கிராம சேவகர் 'ஏனையவை'யில் பேனையை ஊன்றி
"எத்தினை?" என்றார்.
"ஆயிரத்து நானூற்றிப் பத்து."
"எண்ணின்னீங்களோ?"
"ஓம். பெட்டையையும் சேர்த்து."

அடுத்த வருடம் மாசி.
பக்கத்து வளவு அபிதன்
ஜாம் போத்தலோடு வந்தான்.
"அன்ரி, இது உங்கட."
என்னுடையது இல்லை.
சேற்றின் நிறம், கட்டை வால்,
விலாவில் கடுகளவு செம்மஞ்சள்,
யாரோ துடைக்க மறந்ததுபோல.
உற்றுப் பார்த்தேன்.
என்னுடையதுதான்.
சிவப்பாய்ப் பிறந்ததையெல்லாம் விரால் கண்டிருக்கும்,
கொக்கு கண்டிருக்கும்.
காணாமல் விட்டதன் பிள்ளைகள் இவை.
பத்து ரூபா கேட்டான், இருபது கொடுத்தேன்.
இன்னும் இருந்தால் கொண்டுவரச் சொன்னேன்.

கசியும் தொட்டியில் விட்டேன்.
கை நிழல் விழுந்தால்
என் மீன்கள் வாயைத் திறந்து மேலே வரும்.
இது
கல்லுக்குக் கீழே போனது.

என் பெட்டைகளோடு சேர்த்தேன்.
நாலு மாதத்தில் குட்டிகளுக்கு வால் நீண்டது,
சிலதில் சிவப்பு,
எந்தச் சட்டத்திலும் அடங்காத ஒரு சிவப்பு,
ஓரத்தில் சாம்பல் கோடு.

செவ்வாய்க்கிழமை.
நானா குனிந்து டோர்ச் அடித்தார்.
தொட்டி முழுக்கப் பாசியும் வெறும் தண்ணீரும்.
"எங்க தங்கச்சி? ஒண்டையும் காணேல்ல."

"இருக்கு நானா.
லைட்டை நூருங்கோ.
கொஞ்சம் பொறுங்கோ."